வாசகர் கேள்வி – பதில்: முதியோர் அறக்கட்டளைக்கு டிரஸ்டியாகப் போகலாமா?

முதியவர்களுக்கு உதவும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களைப் பற்றி, அதாவது பேச்சில் நாம் டிரஸ்டி என்று சொல்கிறோமே அவர்களைப் பற்றி, போன இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தன. நானும் பல வருடங்களாக அப்படி ஒரு டிரஸ்டில் இருப்பவன்தான், அதனால் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். முதியவர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையில் டிரஸ்டியாகச் சேரக் கூப்பிடுகிறார்கள். வருடத்துக்கு நாலு கூட்டம்தான், வந்து கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

சம்மதியுங்கள் ஐயா, உங்களைப் போல கணக்கு தெரிந்தவர்கள் வேண்டும். ஆனால் "மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னார்கள் பாருங்கள், அதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூட்டத்துக்கே வராதவரும், வந்து வாய் திறக்காமல் போனவரும்கூட எடுத்த முடிவுக்குப் பொறுப்பாளிகள்தான். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று டிரஸ்டி சொன்னால், ஏன் தெரிந்துகொள்ளவில்லை என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

சேரும் முன் டிரஸ்டின் விதிகளைச் சொல்லும் டிரஸ்ட் பத்திரம், கடைசி மூன்று வருட ஆடிட் கணக்கு, கூட்டங்களில் நடந்ததை எழுதி வைக்கும் மினிட்ஸ் புத்தகம் மூன்றையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. மினிட்ஸ் புத்தகத்தை நிதானமாகப் புரட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று மட்டும் இருந்து, யாரும் எதையும் கேட்ட அடையாளமே இல்லை என்றால் எனக்கு உறுத்தும். அப்புறம், விழா இல்லாத ஒரு சாதாரண நாளில் போய் முதியவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். டிரஸ்டியான முதல் வருடம், வரவு செலவு அறிக்கையில் "சக்கர நாற்காலி பராமரிப்பு" என்று ஒரு தொகை வந்தது. போன வருடமும் அதே தொகை, அதற்கு முந்தின வருடமும் அதே. வவுச்சர் இருந்தது, பில் இருந்தது, நானும் கையெழுத்துப் போட்டேன். சில மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது ஓர் அம்மா தன் நாற்காலியின் பிரேக் கம்பியில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதன் மறுமுனையைக் கட்டில் காலில் கட்டியிருந்ததைப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டேன். பிரேக் பிடிக்காது தம்பி, கட்டிலுக்கு மாறும்போது நகர்ந்து போயிடும், அதான் என்றார். பிரேக் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. பணத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பழுது பார்ப்பவருக்கு வருட ஒப்பந்தத் தொகை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, அவரைக் கூப்பிட வேண்டியது யார் வேலை என்று மட்டும் யாரும் தீர்மானிக்கவில்லை. அந்தம்மா ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தால் நான் போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு? அன்றிலிருந்து கணக்கில் எந்த வரியைப் பார்த்தாலும் இதனால் எந்தப் பெரியவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்காமல் பேனாவைத் திறப்பதில்லை. கூட்டம் நீளும், சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

கேள்வி: எங்கள் டிரஸ்டில் நிறுவனரின் மகனும் ஒரு டிரஸ்டி. அவருடைய சொந்தக் கட்டடத்தைத்தான் டிரஸ்டுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். வெளியில் கேட்பதைவிடக் குறைவுதான் என்கிறார். இதில் தப்பு உண்டா?

குறைவாகவே இருக்கட்டும். குறைவு என்று சொல்வது யார்? வாடகை வாங்குகிறவரே சொல்லி, மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினால் அது முடிவெடுத்த முறை ஆகாது. டிரஸ்ட் பத்திரமும் உங்கள் நாட்டுச் சட்டமும் இதை அனுமதிக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும், பல இடங்களில் முன் அனுமதி இல்லாமல் செய்யவே கூடாது. அனுமதி உண்டு என்றால், அவர் தன் சம்பந்தத்தை எழுத்தில் சொல்லிவிட்டு அந்தப் பேச்சு நடக்கும்போது அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். மற்றவர்கள் வேறு இடங்களின் வாடகையையும் விசாரித்துப் பார்த்து முடிவெடுத்து, எப்படி முடிவெடுத்தோம் என்பதை மினிட்ஸில் எழுத வேண்டும். அவர் நல்லவராகவே இருந்தால் இந்த முறை அவருக்கும்தான் பாதுகாப்பு.

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா" என்று ஒரு பழமொழியைச் சொல்லி இதையெல்லாம் சகஜமாக்கிவிடுகிறோம். டிரஸ்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. இங்கிலாந்தில் 1726ல் ஒரு வழக்கு, கீச் எதிர் சாண்ட்ஃபோர்டு. ஒரு சந்தையின் குத்தகை உரிமை ஒரு சிறுவனுக்காக டிரஸ்டி ஒருவரிடம் இருந்தது. காலம் முடிந்ததும் சிறுவன் பேரில் புதுப்பித்துத் தரமாட்டேன் என்று சந்தையின் உரிமையாளர் மறுத்துவிட்டார், உடனே டிரஸ்டி தன் பேரில் எடுத்துக்கொண்டார். சிறுவனுக்கு எப்படியும் கிடைக்கப் போவதில்லை, நான் எடுத்தால் யாருக்கு நஷ்டம் என்பதுதான் அவர் நியாயம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குத்தகையையும் அதில் வந்த லாபத்தையும் சிறுவனிடமே ஒப்படைக்கச் சொன்னார் நீதிபதி கிங் பிரபு. இந்த ஒரு வாசலைத் திறந்துவிட்டால் எந்த டிரஸ்டியும் புதுப்பிக்க மனதார முயற்சி செய்யமாட்டார் என்பது அவருடைய கவலை. கிட்டத்தட்ட முந்நூறு வருடமாகியும் அந்தத் தீர்ப்பு இன்றுவரை எடுத்துக்காட்டப்படுகிறது.

கேள்வி: டிரஸ்ட் நஷ்டப்பட்டால் என் சொந்த வீடு போய்விடுமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

அமைப்பு எந்த வடிவில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது இது, சேரும் முன் ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டிவிடுங்கள். பொதுவாக ஒன்று சொல்லலாம். தவறிப்போவது வேறு, கவனிக்காமல் விடுவது வேறு. 1883ல் ஸ்பைட் எதிர் கான்ட் என்ற வழக்கில், டிரஸ்டி ஒருவர் முதலீட்டுப் பத்திரங்கள் வாங்கித் தரச் சொல்லி ஒரு தரகரிடம் பணம் கொடுக்க, அந்தத் தரகர் பணத்தோடு கம்பி நீட்டிவிட்டார். வியாபாரத்தில் எல்லோரும் செய்யும் வழக்கமான முறைப்படிதான் டிரஸ்டி நடந்துகொண்டார் என்பதால் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று தீர்ப்பானது. விவரமுள்ள ஒருவர் தன் சொந்தக் காரியத்தில் எவ்வளவு கவனமாக இருப்பாரோ அவ்வளவு கவனத்தோடு இருங்கள், அது மினிட்ஸிலும் பதிவாகட்டும். பயம் பாதி குறைந்துவிடும்.

கேள்வி: கண் அறுவை சிகிச்சைக்கு என்று ஒருவர் கொடுத்த நன்கொடையை இந்த மாதச் சம்பளத்துக்கு எடுத்துவிட்டு, அப்புறம் திருப்பிப் போட்டுவிடலாம் என்கிறார் பொருளாளர்.

கூடாது. அந்தப் பணம் கண்ணுக்கென்று வந்தது. கொடுத்தவரிடம் நிலைமையைச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கினால் யோசிக்கலாம், சில இடங்களில் அதற்கும் மேல் அனுமதி வேண்டியிருக்கும். சம்பளத்துக்கே தடுமாறும் அளவுக்கு வந்துவிட்டது என்றால், கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்று அர்த்தம். பணம் தீர்ந்துவிட்டால், தினமும் வீட்டுக்கு வந்து குளிக்க வைத்துவிடும் பெண் நாளையிலிருந்து வரமாட்டார் என்று படுத்த படுக்கையாக இருப்பவரிடம் போய் யார் சொல்வது?

கேள்வி: மேனேஜர் செய்யும் அன்றாட வேலைகளில் டிரஸ்டி தலையிடலாமா?

வேண்டாம். போய்ப் பாருங்கள், கேளுங்கள், மனசில் பட்டதை மேனேஜரிடமோ கூட்டத்திலோ சொல்லுங்கள். பணியாளரைத் தனியாகக் கூப்பிட்டு உத்தரவு போட்டால் அவருக்கு இரண்டு முதலாளி ஆகிவிடும். பணியாளரே இல்லாத சின்ன அமைப்பு என்றால் டிரஸ்டிகள்தான் எல்லா வேலையும் செய்தாக வேண்டும், அது வேறு கதை.

கேள்வி: எனக்கு 78 வயது. ஓர் அறக்கட்டளையின் உதவியில் இருக்கிறேன், நன்றியோடு இருக்கிறேன். ஆனால் எங்களைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் எங்களில் ஒருவர்கூட இல்லை. கேட்டால் "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்கிறார்கள். நான் கேட்பது அதிகமா?

அதிகமே இல்லை அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 1991ல் ஐக்கிய நாடுகள் சபை முதியோருக்கான கோட்பாடுகள் என்று 18 கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. தங்கள் நலனை நேரடியாகப் பாதிக்கும் கொள்கைகளை வகுப்பதில் முதியவர்களுக்கும் பங்கு வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. அதனால் இது சலுகையாகக் கெஞ்சிக் கேட்க வேண்டிய விஷயம் இல்லை. தாராளமாகக் கேளுங்கள்.

எங்கள் டிரஸ்டில் இதைச் செய்யத் தாமதித்துவிட்டோம். செய்தபோதும் முதலில் தப்பாகச் செய்தோம். ஒரே ஒரு பெரியவரை உட்கார வைத்தோம், சாயங்காலம் இருட்டின பிறகு கூட்டம், பொடி எழுத்தில் முப்பது பக்கம். பாவம், அவர் இரண்டு கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை போல என்று நாங்களே நினைத்துக்கொண்டோம். பிறகு ஒருவர் கேட்டார், அவருக்குக் காது கேட்கிறதா என்று யாராவது விசாரித்தீர்களா? விசாரித்திருக்கவில்லை. அப்புறம்தான் கூட்டத்தைக் காலை நேரத்துக்கு மாற்றினோம், ஒருவருக்கு இருவராக ஆக்கினோம், தாள்களைப் பெரிய எழுத்தில் அடித்து ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்தோம், ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்த கூட்டத்தில், தனியாக இருப்பவர்களைப் போய்ப் பார்த்துப் பேசும் தொண்டர்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று நாங்கள் பெருமையாக அறிக்கை வாசித்தோம். வாசித்து முடித்ததும் அந்தப் பெரியவர், "மாசத்துக்கு ஒரு புது ஆள் வர்றாங்க, நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் என் வீட்டுக்காரி செத்த கதையை முதல்லேருந்து சொல்ல வேண்டியிருக்கு" என்றார். அறையில் சத்தமே இல்லை. எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தோமே தவிர, அதே ஆள் திரும்பப் போனாரா என்று எண்ணவே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரே தொண்டர், குறைந்தது ஒரு வருடம் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டோம். உதவி பெறுகிறவரே டிரஸ்டி ஆகலாமா என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால், தன் சொந்த விஷயம் வரும்போது அவரும் மற்றவர்களைப் போல வெளியே போய்விட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ஒரு பணியாளர் வயதானவரை அடித்ததாகப் புகார் வந்திருக்கிறது. வெளியே தெரிந்தால் டிரஸ்டின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துவிடலாம் என்கிறார் தலைவர். நான் புது டிரஸ்டி. என்ன செய்ய?

இன்றைக்கே செய்ய வேண்டியது இது, அடுத்த கூட்டம் வரை தள்ளாதீர்கள். முதலில் அந்தப் பெரியவர் பத்திரமாக இருக்கிறாரா, காயம் இருக்கிறதா, டாக்டர் பார்த்தாரா? புகாருக்கு ஆளானவர் விசாரணை முடியும்வரை எந்த முதியவர் அருகிலும் போகக் கூடாது. பெரியவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள். நீங்களே துப்பறிய வேண்டாம். முறைப்படி போலீசுக்கும் சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்கும் தெரிவியுங்கள், அந்தப் பெரியவரிடமும் என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சொல்லுங்கள்.

இதெல்லாம் எங்கோ அபூர்வமாக நடப்பது என்று தலைவர் நினைக்கலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு விதக் கொடுமைக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டபோது, மூன்றில் இருவர் தாங்களே அப்படி நடந்துகொண்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வது அமுக்குவதால் நடக்காது. அமுக்கியது ஒரு நாள் வெளியே வரும், அன்றைக்கு அடித்தவர் ஒருவர், மறைத்தவர்கள் எல்லோரும் என்று ஆகிவிடும். தலைவர் கேட்கவில்லை என்றால் உங்கள் எதிர்ப்பை மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள், அவருக்காகக் காத்திராமல் நீங்களே தெரிவியுங்கள். கோபத்தில் ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், நீங்கள் போய்விட்டால் அந்தப் பெரியவருக்காக அங்கே பேச யார் இருக்கிறார்கள்?

கேள்வி: ஒருவர் எத்தனை வருடம் டிரஸ்டியாக இருக்கலாம்?

பத்திரத்தில் வரம்பு இருந்தால் அதன்படி. இல்லாவிட்டால் ஒரு வரம்பு வைத்துக்கொள்வது நல்லது, ரொம்ப நாள் இருந்தால் நமக்கே எல்லாம் பழகிப்போய்க் கேள்வி வராது. நான் இந்த வருடக் கடைசியில் விலகுகிறேன். சக்கர நாற்காலிகளை மாதம் ஒரு தடவை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து பிரேக் பிடிக்கிறதா என்று நோட்டில் எழுதும் வேலை இப்போது என்னிடம் இருக்கிறது, அதை யார் ஏற்றுக்கொள்வது என்பதை அடுத்த கூட்டத்தின் முதல் விஷயமாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.