வாசகர் கேள்வி – பதில்: அல்ட்ராமேன் முன்னால் போய் நின்று என்ன பேசுவது?

கேள்வி: வணக்கம். எனக்கு 53 வயது. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன், இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். எங்கள் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி, அரக்கர்களோடு சண்டை போடும் ஜப்பானிய வீரன் அல்ட்ராமேன் தொடரைப் போட்டால் அத்தனை பிள்ளைகளும் அங்கேதான். அந்தத் தொடர்களில் நடித்த மூத்த ஜப்பானிய நடிகர் ஒருவர் அடுத்த மாதம் கோலாலம்பூரில் ஒரு சின்ன ரசிகர் விழாவுக்கு வருகிறார். மனைவி, “இந்த வயசில் இது தேவையா?” என்கிறார். எனக்கு வேறு பயம். மனசில் இருக்கிற உருவம் நேரில் பார்த்ததும் கலைந்துவிடுமோ? அவர் மொழியும் எனக்குத் தெரியாது. போகலாமா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: போங்கள். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல், வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ், அங்கே அவருக்கு நல்ல வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் விழாவுக்குப் போகலாம்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். 1966-இல் வந்த முதல் அல்ட்ராமேனையே எடுத்துக்கொள்ளுங்கள். அல்ட்ராமேனாக உருமாறும் மனிதன் ஹயாட்டாவாக முகம் காட்டி நடித்தவர் சுசுமு குரோபே. வெள்ளியும் சிவப்புமான அந்த உடைக்குள் நின்று அரக்கர்களோடு மல்லுக்கட்டியவர் பின் ஃபுருயா என்ற இன்னொருவர். நல்ல உயரம், நீண்ட கை கால், அதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடலில் முக்குளிப்பவர்கள் போடுவது மாதிரி ரப்பர் உடை, முகத்தையும் மூடிவிடுவார்கள், அதோடு ஸ்டூடியோ விளக்குகளின் சூட்டில் சண்டை போட வேண்டும், இவ்வளவு பாடுபட்டாலும் திரையில் அவர் முகம் தெரியாது. போதும், விலகிவிடலாம் என்று நினைத்தவர், ஒரு நாள் பேருந்தில் போகும்போது சில சிறுவர்கள் அல்ட்ராமேனைப் பற்றிக் கண்கள் விரியப் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டு மனதை மாற்றிக்கொண்டார். இதை அவரே சொல்லியிருக்கிறார். 39 பாகங்களில் அந்த வேலையை முடித்துவிட்டு, அடுத்து வந்த அல்ட்ராசெவனில் அமாகி என்ற பாத்திரத்தில் சொந்த முகத்தோடு வந்தார்.

அந்தப் பேருந்துச் சிறுவர்கள் பேசியதைத்தான் நீங்களும் லயத்தில் உட்கார்ந்து பேசினீர்கள். ஆனால் உங்கள் பேச்சு அந்த நடிகர்கள் யார் காதுக்கும் போகவில்லை. இப்போது ஒருவர் நம் ஊருக்கே வருகிறார், கொண்டுபோய்ச் சொல்லுங்கள். மேசைக்குப் பின்னால் ஒரு முதியவர்தான் உட்கார்ந்திருப்பார், காது கொஞ்சம் மந்தமாக இருக்கலாம், எழுதும்போது கை நடுங்கலாம். அதைப் பார்த்து உங்கள் மனசில் இருப்பவர் காணாமல் போய்விட மாட்டார். இத்தனை வருடமாக நம்மோடு இருந்தவர் இவர்தான் என்று தெரியும்போது எனக்கென்னவோ மரியாதை கூடத்தான் செய்கிறது.

விழா சின்னது என்பது உங்கள் நல்ல நேரம். பெரிய விழாக்களில் வரிசை நீண்டு, கையெழுத்தைக் கையில் திணித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். சின்ன இடத்தில் இரண்டு வார்த்தை பேச முடியும். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் யாராவது இருப்பார், அவருக்கும் வசதியாகச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். ‘நான் உங்கள் ரசிகன்’ என்பதை அவர் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரே டிவி முன்னால் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்தீர்கள், மார்பில் இருக்கும் விளக்கு சிவப்பாகி மின்னத் தொடங்கியதும் என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள். அதை உங்களைத் தவிர வேறு யாரும் அவருக்குச் சொல்ல முடியாது. உங்கள் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், தோளில் கை போடாதீர்கள். வயதானவரை எழுந்து நின்று போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள், அல்ட்ராமேன் கதிர் வீசுவது மாதிரி அவராகவே கைகளைக் குறுக்கே வைத்தால் நீங்களும் வையுங்கள்: வலக்கை செங்குத்தாக, இடக்கை படுக்கையாக. மாற்றி வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

கேள்வி: இப்படிப்பட்ட விழாக்களில் ஒரு கையெழுத்துக்குக் காசு வாங்குகிறார்களே, ரசிகனிடம் காசு வாங்குவது சரியா?
– ஒரு வாசகர், செந்தூல்

பதில்: சரிதான் என்பேன். வயதான காலத்தில் விமானம் ஏறி வந்து நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுவது வேலை, வேலைக்குக் கூலி உண்டு. எதற்கு எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துக்கு ஒரு விலை, கூட நின்று படம் எடுக்க இன்னொரு விலை என்று பல இடங்களில் தனித்தனியாக வைத்திருப்பார்கள். ரொக்கமும் கொண்டுபோங்கள். கட்டுப்படியாகாது என்றால் மேசைக்கு எதிரே நின்று ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாருங்கள், அதற்கு யாரும் காசு கேட்பதில்லை. வாங்கிய கையெழுத்தை மறுநாளே கூடுதல் விலைக்கு இணையத்தில் விற்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. உப்பின் இப்பின் கார்ட்டூனில் வந்த அல்ட்ராமேன் ரிபுட்டை மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பழைய நடிகரைப் பார்க்க அவனையும் அழைத்துப் போகலாமா?
– ஒரு தாய், செராஸ்

பதில்: தாராளமாக. ஆனால் ஒரு தயாரிப்பும் இல்லாமல் கொண்டுபோய் நிறுத்தினால் அவனுக்கு அவர் யாரோ ஒரு தாத்தா. முந்தின நாள் 1966 தொடரின் முதல் பாகத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒரு நீல உருண்டையைத் துரத்தி வரும் சிவப்பு உருண்டை ஹயாட்டாவின் விமானத்தில் மோதிவிடும், தன்னால் ஒருவர் செத்துவிட்டாரே என்று அல்ட்ராமேன் தன் உயிரையே அவரோடு பகிர்ந்துகொள்வார். பழைய படம், அரக்கன் உடை மடிப்பது தெரியும், பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. பார்த்து முடித்ததும் அவனுக்கே நூறு கேள்வி வரும். அதில் ஒன்றை அவரிடம் கேட்க அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.