ஆன்டிபாடி அளவு அதிகமாக இருந்தால் இன்னொரு டோஸ் தேவையில்லையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரை நோய் உண்டு. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார். கடைசியாகக் கொரோனா தடுப்பூசி போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. ஆன்டிபாடி டெஸ்டில் அளவு மிக அதிகம் என்று வந்திருக்கிறது. புதுப்புதுத் திரிபுகளுக்கு இது போதுமா?

பதில்: அந்த ரிப்போர்ட்டை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பரவலாகச் செய்யப்படும் ஆன்டிபாடி டெஸ்டுகள், 2020-ல் பரவிய பழைய வைரஸின் ஸ்பைக் புரதத்தோடு (வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்தும் முள் போன்ற பகுதி) ஒட்டும் ஆன்டிபாடியைத்தான் அளக்கின்றன. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஒமிக்ரானின் ஸ்பைக் புரதத்திலேயே 30-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. அதன் வழிவந்த ஜேஎன்.1 போன்றவற்றில் இன்னும் அதிகம். பழையதை இறுகப் பிடிக்கும் ஆன்டிபாடி புதியதை நழுவவிடலாம். ஒட்டிக்கொண்டாலும் வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்காமல் போகலாம். டெஸ்டில் வரும் எண் இதைச் சொல்லாது. இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லையும் கிடையாது.

இதனால் இதுவரை போட்ட தடுப்பூசி வீண் என்று ஆகாது. தொற்றைத் தடுக்கும் ஆன்டிபாடி சில மாதங்களில் குறைந்துவிடும். ஊசி போட்டவர்களுக்கும் காய்ச்சல் வருவது அதனால்தான். நோய் முற்றாமல் காப்பதில் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை ஸ்பைக் புரதத்தின் பல சிறு துண்டுகளைத் தனித்தனியே அடையாளம் காண்பவை. திரிபுகளில் சில துண்டுகள் மாறினாலும் பெரும்பாலானவை மாறாததால், பழைய தடுப்பூசி உருவாக்கிய டி செல்களே ஒமிக்ரானையும் கண்டுகொள்கின்றன.

முதுமையில் ஆன்டிபாடி, டி செல் இரண்டுமே தளர்கின்றன. டி செல்கள் முதிரும் இடமான தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுவதால் புதிய டி செல்கள் மிகக் குறைவாகவே உருவாகும். நிணநீர்க் கணுக்களில், ஆன்டிபாடியை உருவாக்கும் பி செல்கள் வைரஸுக்கேற்பத் தங்களைத் திருத்திக்கொள்ளும் வேலையும் மந்தமாகிவிடும். மெத்தோட்ரெக்ஸேட் இதை மேலும் மட்டுப்படுத்தும்.

ஆகவே அம்மாவுக்கு இன்னொரு டோஸ் போடுவதே நல்லது. உடன்நோய் உள்ள முதியவர்களுக்கு முந்தைய டோஸிலிருந்து 6 முதல் 12 மாதத்துக்குள் மறு டோஸ் போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். புதிய திரிபுக்கேற்ப மாற்றிய தடுப்பூசி கிடைத்தால் அதைப் போடுங்கள். அண்மையில் கொரோனா வந்திருந்தால் மட்டும் 3 மாதம் தள்ளிப்போடலாம். ஊசிக்குப் பின் 2 வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவைத்தால் ஆன்டிபாடி ஏறக்குறைய இருமடங்கு கூடுவதை 2022-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. ஆனால் அந்த இடைவெளியில் மூட்டுவலி கிளம்பலாம். வாத மருத்துவரிடம் கேட்டுவிட்டே நிறுத்துங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவந்தால் அதை நீங்களாக ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

ஊசியைவிட அதிகம் கோட்டைவிடப்படுவது சிகிச்சை தொடங்கும் நேரம். கொரோனா வைரஸுக்கு எதிரான பேக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது டோஸைக் குறைக்க வேண்டியிருக்கும். சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளோடு இது சேரவே சேராது; சில ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளோடும் மோதும். காய்ச்சல் வந்தபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் டெஸ்டுக்கு ஓடினால் அதிலேயே இரண்டு நாள் போய்விடும். அண்மைய கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும், அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர், டோஸ் எழுதிய தாளையும் இப்போதே தயாராக வையுங்கள். பேக்ஸ்லோவிட் ஒத்துவராவிட்டால், 7 நாளுக்குள் தொடங்கி 3 நாள் நரம்பு வழியே ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை ஏற்றும் வழியும் இருக்கிறது.

இந்த வயதில் காய்ச்சல் ஏறாமலேயே நோய் வரலாம். திடீர்க் குழப்பம், சாப்பிட மறுப்பது, தடுமாறி விழுவது ஆகியவற்றையும் அறிகுறியாக எடுத்துக்கொண்டு டெஸ்ட் செய்யுங்கள். ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று எடுங்கள். ஆக்சிமீட்டரில் பார்ப்பதற்கு முன் 5 நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, விரல் சில்லிட்டிருந்தால் சூடுபறக்கத் தேய்த்துவிட்டு, எண் நிலைத்தபின் குறித்துக்கொள்ளுங்கள். 94-க்குக் கீழே இறங்கினாலோ, எண் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கொரோனா உறுதியானால், அடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைக் கொடுக்கும் முன் வாத மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தொற்று தணியும்வரை நிறுத்திவைக்கச் சொல்வதுதான் வழக்கம்.