சட்டைப் பொத்தான் போடுவது போன்ற பழகிய வேலைகளைக் கை தானாகவே வரிசையாகச் செய்கிறதே, மூளையில் எது அதை நடத்துகிறது?

மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா என்ற நரம்பணுத் திரள்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நீங்கள் அநேகமாகத் தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள். பாடத்தில் நாலு வரியில் கடந்துவிடும் விஷயம்தான். அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்த பிறகுதான் எனக்கு அதன் அருமை புரிந்தது.

நீங்கள் பொத்தானைப் பற்றியே கேட்டிருப்பதால் சொல்கிறேன். ஒரு நாள் காலை அப்பா முதல் பொத்தானைப் போட்டார். விரல்கள் அதன்மேலேயே நின்றுவிட்டன. "அடுத்ததைப் போடுங்கப்பா" என்றேன். "போடணும்னு தெரியுதும்மா, கை நகர மாட்டேங்குது" என்றார். கையில் பலம் குறையவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்தால் வலிக்கும். ஒரு அசைவிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதுதான் போயிருந்தது.

புதிதாகப் பழகும்போது ஒவ்வொரு அசைவையும் கவனித்துச் செய்கிறோம். பழகப் பழக, பேசல் கேங்லியாவின் ஒரு பகுதியான ஸ்ட்ரையேட்டம் அதை ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறது. 2010-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நெம்புகோலை வரிசையாக அழுத்தப் பழகிய சுண்டெலிகளுக்கு, அந்த வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் குறிப்பாகத் துடிக்கும் நரம்பணுக்கள் அங்கே இருப்பதைப் பார்த்தார்கள். பேசல் கேங்லியா எப்போதும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். வேண்டிய அசைவுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கும். அதற்கு டோபமின் என்ற, நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் வேண்டும். பார்க்கின்சனில் டோபமின் தரும் அணுக்கள் அழிகின்றன.

சிறுமூளையை விட்டுவிட்டேன் என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். சிறுமூளைக்கும் பெருமூளைப் புறணிக்கும் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. நான் மருத்துவரும் இல்லை. ஆனால் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு நிற்கும் அப்பா, தரையில் குறுக்காக நான் ஒட்டிய வெள்ளை டேப்பைப் பார்த்தால் ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்துவிடுவார். கண்ணுக்கு ஒரு குறி கிடைத்தால் மூளை வேறு வழியில் காலை எடுக்கிறது. "மனசு வெச்சா முடியும்" என்று சொல்லும் உறவினர்கள் இதை ஒரு தடவை நின்று பார்க்கட்டும்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓர் அலுவலகத்தில் அப்பாவின் கையெழுத்து பழையதோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பிவிட்டார்கள். இந்த நோயில் எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. மூன்று முறை போட வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்பாவின் பெயர் இன்னும் சிறிதானது.