விண்டோ இழுத்து இழுத்து வந்தால் புது லேப்டாப்தான் வழியா?

கேள்வி: ஐயா, இளம்பிள்ளையில் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். லேப்டாப் 2019-இல் வாங்கியது. ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் கிடையாது என்றதால் சேலத்தில் ஒரு கடையில் கொடுத்து 11 போட்டு வந்தேன். அன்றிலிருந்து எந்த விண்டோவைத் திறந்தாலும், சுருக்கினாலும், நகர்த்தினாலும் விட்டு விட்டு, இழுத்து இழுத்து வருகிறது. கடைக்காரரிடம் கேட்டால், "கிராஃபிக்ஸ் பத்தாது, இந்த லேப்டாப் 11-ஐத் தாங்காது. ஆறாயிரத்துக்கு எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கறேன், புதுசு வாங்கிக்குங்க" என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறை இருக்கிறது. போன மாதம் வரை ஒழுங்காக ஓடிய இயந்திரம், சிஸ்டம் மாற்றிய அன்றே திணறுகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மாற்றிய விதத்தை.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஊடையில் இரண்டு இழை விட்டுப்போனால் துணியில் கோடு தெரிகிறதல்லவா, திரையிலும் அதேதான். சாதாரணத் திரை நொடிக்கு 60 படம் காட்டும். ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். அதற்குள் முடியாத படம் விட்டுப்போகும், அதுதான் உங்கள் கண்ணுக்கு இழுவையாகத் தெரிகிறது. விண்டோக்களை வரையும் இந்த வேலை கிராஃபிக்ஸ் சிப்புடையது. அந்தச் சிப்பிடம் வேலை வாங்க அதற்குரிய டிரைவர் என்ற சிறு மென்பொருள் வேண்டும். பென் டிரைவில் புதிதாக 11 போடும்போது சிலர் டிரைவரைப் போடாமலே மூடிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது விண்டோஸ் தன்னிடமிருக்கும் ஒரு பொது டிரைவரை வைத்துப் படம் காட்டும். சிப் சும்மா உட்கார்ந்திருக்க, வரைகிற பாரம் முழுக்க பிராசஸர் தலையில் விழும்.

இதைக் கண்டுபிடிக்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. கீபோர்டில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டனை அழுத்துங்கள். முன்பு வேலை செய்தது இப்போது செய்யவில்லை என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது. பிறகு ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர், அதில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ். அங்கே இன்டெல் பெயர் இருக்க வேண்டும். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் குற்றவாளி அதுதான்.

மருந்துக்குக் காசு இல்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போனால் டிரைவர் காத்திருக்கலாம். அங்கே இல்லையென்றால் லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்து, தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்தில் இறக்குங்கள். "டிரைவர் அப்டேட்டர்" என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள் பக்கம் போகாதீர்கள். இல்லாத நோய்க்கெல்லாம் சந்தா கேட்கும்.

டிரைவர் சரியாக இருந்தும் இழுக்கிறதா? டிசைன் பார்க்கத் தனியாகப் பெரிய மானிட்டர் மாட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மாட்டியிருந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது திரை நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்ற எண்ணைப் பாருங்கள். இதில் நானே ஏமாந்திருக்கிறேன். என் மேசை மானிட்டர் 4கே. சிஸ்டம் மாற்றிய பிறகு விண்டோ எல்லாம் குதித்துக் குதித்து நகர்ந்தது. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் ரேம் போதாது என்றார்கள், வாங்கிப் போட்டேன், குதிப்பு நிற்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் பார்த்தேன், ரெஃப்ரெஷ் ரேட் 30-இல் நின்றிருந்தது. சிஸ்டம் மாற்றிவிட்டுத் திரும்ப இணைக்கும்போது பெட்டியில் கிடந்த பழைய எச்டிஎம்ஐ கேபிளை நானேதான் சொருகியிருக்கிறேன். 4கே படத்தை நொடிக்கு 30-க்கு மேல் அதனால் கொண்டுபோக முடியவில்லை. கேபிளை மாற்றி 60 வைத்தேன், தீர்ந்தது. அந்த ரேம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, கெடுதல் ஒன்றுமில்லை, காசு போனதுதான்.

இன்னொன்று, புதிதாகப் போட்ட முதல் ஓரிரு நாள் விண்டோஸ் பின்னணியில் ஃபைல்களை அட்டவணை போடும், அப்டேட்களை இறக்கும். சார்ஜரில் போட்டு, பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸில் வைத்து விட்டுவிடுங்கள். அந்த இரண்டு நாள் இழுவையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அக்சசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்ற இடத்தில் அனிமேஷனை அடியோடு நிறுத்தவும் வழி உண்டு. நிறுத்தினால் விண்டோ பட்டென்று திறக்கும். சில கடைகளில் இதைச் செய்துவிட்டு "சரி பண்ணிட்டோம்" என்று பில் போடுகிறார்கள். அசைவே இல்லாதபோது இழுவை எப்படித் தெரியும்? அவசரத்துக்கு நீங்களே செய்துகொள்ளலாம், இதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் ஆபீஸ் கணக்கு பார்க்கிறேன். 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப், ஐ3 நாலாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க். தெரிந்த பையன் எப்படியோ 11 போட்டுக் கொடுத்தான். ஸ்டார்ட் மெனு திறக்கவே அரை நிமிடம் ஆகிறது. இதற்கும் டிரைவர்தானா?

பதில்: இல்லை, இது வேறு நோய். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்தில் நிற்கிறதா பாருங்கள், நிற்கும் என்றே நினைக்கிறேன். சுழலும் ஹார்டு டிஸ்கில், 4 ஜிபி ரேமில் 11-ஐ ஓட்டுவது, தலைச்சுமையோடு மலை ஏறச் சொல்வது போல. தவிர, நாலாம் தலைமுறை பட்டியலிலேயே இல்லை. 11 போடும்போது நடக்கும் தகுதிப் பரிசோதனையைத் தாண்டிப் போடப்பட்ட கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. கணக்கு வைத்திருக்கும் கணினிக்கு அது சரிப்படாது.

அப்கிரேடு செய்து பத்து நாளுக்குள் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி போய் "கோ பேக்" கொடுத்துப் பார்க்கலாம். பழையதை அழித்துவிட்டுப் போட்டிருந்தால் அது வராது. அப்போது கணக்கை பென் டிரைவில் எடுத்துவைத்துவிட்டு 10-ஐத் திரும்பப் போடச் சொல்லுங்கள். 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தாலும், பதிவு செய்துகொண்ட தனிநபர் கணினிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. அதோடு ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள். இந்த வயதுக் கணினிக்கு நான் மனதாரச் செலவு செய்யச் சொல்வது அது ஒன்றுக்குத்தான். அந்தத் தேதிக்குப் பிறகு லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் சில வருடம் ஓடும், ஆனால் உங்கள் கணக்கு மென்பொருள் அதில் வேலை செய்யுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சேலத்துக்குக் கொண்டுவருவதென்றால் சிபியு பெட்டி மட்டும் போதும். இருபது கொண்டை ஊசி வளைவில் மானிட்டரை மடியில் வைத்து இறங்க வேண்டாம்.

கேள்வி: இதே இழுவைக்காக அம்மாபேட்டையில் என் டிசைனிங் சென்டருக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். "போட்டா சரியாயிடும்" என்று சொல்லித்தான் விற்றார்கள். சரியாகவில்லை, திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் புகார் செல்லாதாமே?

பதில்: அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. சொந்தமாகத் தொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை, 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. நீங்களே உட்கார்ந்து வேலை பார்க்கும் சென்டர் என்றால் தைரியமாகக் கேளுங்கள். ஆள் வைத்து நடத்தும் பெரிய கடை என்றால் வாதம் கடினம்.

பில் இருக்கிறதா? "போட்டால் சரியாகும்" என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தால் அதையும் அழிக்காதீர்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள், பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே பேசித் தீர்கின்றன. அதற்கும் மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

போவதற்கு முன், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட் எத்தனை ஹெர்ட்ஸ் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். மானிட்டர் கேபிளைப் புதுக் கார்டில் சொருகாமல் பழையபடி மதர்போர்டிலேயே விட்டிருந்தால் அந்தக் கார்டால் ஒரு பயனும் தெரிந்திருக்காது.