கொக்கியும் கேபிளும்: ஹெலிகாப்டர் மீட்பு, கேள்வி பதில்

கே: மீட்பு ஹெலிகாப்டர் வருகிறது என்று தெரிந்ததும் கப்பலில் என்ன செய்ய வேண்டும்?

ப: தளத்தில் கட்டாமல் கிடக்கும் தார்ப்பாய், கயிறு, வாளி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். ஹெலிகாப்டர் சுழலியின் (மேலே சுற்றும் இறக்கைகளின்) கீழ்க்காற்றில் கிளம்பும் ஒரு பிளாஸ்டிக் தாள் எஞ்சினுக்குள் போனாலே ஆபத்து. கேபிளை இறக்கி ஏற்றும் வின்ச் பெரும்பாலும் இருப்பது ஹெலிகாப்டரின் வலப்பக்கம். அதனால் விமானி வேறு திசை சொல்லாதவரை, காற்று இடப்பக்க முன்புறத்திலிருந்து சுமார் 30 பாகையில் வரும்படி கப்பலைச் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். கேபிள் முனையிலுள்ள கொக்கி இறங்கும்போது கை நீட்டாதீர்கள். பறக்கையில் சேர்ந்த நிலைமின்சாரம் கேபிள் வழியே வரும். கொக்கி தண்ணீரையோ தளத்தையோ தொட்ட பிறகே பிடிக்கலாம்.

கே: கொக்கியைப் பாய்மரத்தில் மாட்டிவிட்டால் ஆடாதே?

ப: கூடவே கூடாது. அலையில் கப்பல் இறங்கினால் ஹெலிகாப்டரையும் இழுக்கும். கேபிளை அறுக்க, வெடிமருந்தால் இயங்கும் வெட்டுக்கருவி ஹெலிகாப்டரில் இருக்கிறது. அது கடைசி வழி.

கே: தூக்கும்போது கையை உயர்த்திக் கேபிளைப் பிடித்துக்கொள்ளலாமா?

ப: கையை உயர்த்தினால், அக்குளுக்குக் கீழே சுற்றி மாட்டும் தூக்குப் பட்டையிலிருந்து வழுக்கி விழுவீர்கள். கை கீழே, உடலோடு ஒட்டி.





கே: கொக்கியைத் தொட்டால் சின்ன ஷாக்தானே?

ப: ஆளைத் தள்ளிவிடும் ஷாக். ஆடும் தளத்தில் தள்ளினால் எங்கே விழுவீர்கள்? முதல் பதிலைப் படியுங்கள்.

கே: வெகுநேரம் கடலில் கிடந்தவரை ஏன் இரண்டு பட்டை போட்டுப் படுத்தவாக்கில் தூக்குகிறார்கள்?

ப: நல்ல கேள்வி. தண்ணீரின் அழுத்தம் கால்களை இறுக்கிப் பிடித்திருக்கும். நிமிர்த்தித் தூக்கினால் அந்தப் பிடி சட்டென்று விலகி, இரத்தம் கால்களில் தேங்கும்; இரத்த அழுத்தம் சரியும். குளிரில் தளர்ந்த இதயம் அதைத் தாங்காமல் நின்றுவிடலாம். அதனால் ஒரு பட்டை அக்குளுக்குக் கீழே, இன்னொன்று முழங்கால் மடிப்புக்கு அடியில்.

கே: இரண்டாவது பட்டை மாட்டும் நேரத்தில் அவர் மூழ்கிவிட்டால்? வேகம்தானே உயிர்?

ப: பாதி ஒப்புக்கொள்கிறேன். மூச்சுவழி தண்ணீருக்குள் போகிறது, அலை மேலே விழுகிறது என்றால் ஒற்றைப் பட்டையில் உடனே தூக்குங்கள்.

கே: அப்படியானால் எப்போதும் ஒற்றைப் பட்டையே போதுமே! பேசிக்கொண்டிருக்கிறவருக்கு எதற்கு இரண்டு?

ப: அந்தத் தர்க்கம்தான் ஆபத்து. பேசிக்கொண்டிருந்தவரே மேலே வந்ததும் சரிந்துபோவதுண்டு. அவர் மூச்சுக்குத் தடையில்லை என்றால் இரண்டாவது பட்டைக்கு நேரம் இருக்கிறது. உள்ளே வந்த பிறகும் எழுப்பி உட்காரவைக்காதீர்கள், கைகால்களைத் தேய்க்காதீர்கள்.

கே: ஸ்ட்ரெச்சர் பம்பரமாகச் சுழல்வது ஏன்?

ப: கீழ்க்காற்று ஒரு பக்கம் அதிகமாகப் படுவதால். தரையிலிருந்து ஒருவர் வழிகாட்டிக் கயிற்றைச் சாய்கோணத்தில் பிடித்தால் நிற்கும். எதிலாவது சிக்கினால் விடுபட, அந்தக் கயிற்றில் வேண்டுமென்றே பலவீனமான இணைப்பு ஒன்று வைப்பார்கள். அது அறுந்து சுழல் தொடங்கிவிட்டால் ஹெலிகாப்டர் முன்னோக்கி நகர வேண்டும். கீழ்க்காற்று பின்னால் விலகும்.

கே: ரப்பர் கையுறை போட்டால் கொக்கியை உடனே பிடிக்கலாமா?

ப: கொக்கியைப் பற்றிச் சொல்வது இது மூன்றாவது முறை! நனைந்த கையுறையை நம்பாதீர்கள். கொக்கி முதலில் தண்ணீரைத் தொடட்டும்.