வார இறுதியில் இத்தாலியக் கடற்கரை: மாணவர் குழுக்களின் கேள்விகளும் பதில்களும்

மே மாதம் பிறந்துவிட்டால் வட இத்தாலியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் கடல் ஞாபகம் வந்துவிடும். மிலானில் படித்து முடித்து இங்கேயே வேலை பார்க்கிறேன். ஆனாலும் மாணவர் குழுக்களை லிகூரியா கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவதை இன்னும் விடவில்லை. இந்த முறை கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் ஒன்பது பேர். சனிக்கிழமை காலை மிலானில் கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். சிங்குவே தெர்ரேயின் ஐந்து ஊரையும் பார்த்துவிட முடியுமா? (மிலான், முதுகலை முதலாண்டு)

முடியும், ஆனால் வேண்டாம் என்பேன். லிகூரியா கரையில் அடுத்தடுத்து இருக்கும் மொன்தெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கோர்னில்யா, மனரோலா, ரியோமஜோரே ஆகிய ஐந்தையும் சேர்த்துத்தான் சிங்குவே தெர்ரே என்கிறார்கள். ஐந்து ஊருக்குமே ரயில் நிலையம் இருக்கிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சில நிமிடம்தான். வரைபடத்தைப் பார்த்தால் மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். கோடைக்கால சனி, ஞாயிறில் நிலைமையே வேறு. மலைக்கும் கடலுக்கும் நடுவே நெருக்கி வைத்த நடைமேடைகள், அதில் பாதி சுரங்கத்துக்குள். ஒரு ரயில் வந்து நின்றால் இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். ஒன்பது பேரில் ஏழு பேர் ஏறியிருப்பீர்கள், இரண்டு பேர் கீழே நிற்பார்கள். அன்றைய பொழுதில் பாதி, ஆளைத் தேடுவதிலும் கழிப்பறை வரிசையிலும் போய்விடும்.

நான் சொல்லும் திட்டம் இது. லெவாந்தோவில் தங்குங்கள். ஐந்து ஊருக்கும் வடக்கே, ரயிலில் மொன்தெரோஸ்ஸோவுக்கு முந்தைய நிறுத்தம். அகலமான கடற்கரை, சூப்பர் மார்க்கெட், கட்டுப்படியாகும் தங்குமிடம் எல்லாம் உண்டு. அங்கே இடம் கிடைக்காவிட்டால் தெற்கே லா ஸ்பெட்சியா. அது துறைமுக நகரம், அறைகள் நிறைய, ஆனால் ஊருக்குள் நல்ல கடற்கரை கிடையாது.

சனிக்கிழமை மதியம் சேர்ந்ததும் பையை வைத்துவிட்டு லெவாந்தோவிலிருந்து பொனஸ்ஸோலாவுக்கு நடந்து போங்கள். கைவிடப்பட்ட பழைய ரயில் பாதையை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றியிருக்கிறார்கள். முழுக்கச் சமதளம், காசும் கிடையாது. பெரும்பகுதி பழைய சுரங்கங்களுக்குள்ளேயே போகும். ஜூலை வெயிலில் உள்ளே நுழைந்ததும் தோளில் சட்டென்று குளிர் படும். நடுநடுவே சுவர் திறந்த இடங்களில் கீழே கடல் தெரியும். அதைத் தாண்டினால் பிராமுரா வரைக்கும் போகலாம். சிங்குவே தெர்ரே என்ற பெயருக்காக அலைமோதும் கூட்டம் இந்தப் பக்கம் வருவதில்லை.

ஞாயிறு காலை சீக்கிரம் எழுந்து, முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து இரண்டே இரண்டு ஊர் பாருங்கள். என்னைக் கேட்டால் மொன்தெரோஸ்ஸோவும் வெர்னாட்சாவும். எட்டு மணிக்கு வெர்னாட்சாவின் சின்னத் துறைமுகத்தில் படகுகளும் வலைகளும் ஊர்க்காரர்களும் மட்டும் இருப்பார்கள். பதினொரு மணிக்கு அதே இடத்தில் நிற்க இடம் இருக்காது.

கேள்வி: ரயில் டிக்கெட் எப்படி எடுப்பது? சிங்குவே தெர்ரே கார்டு கட்டாயமா? (மிலான், அதே குழு)

மிலான் சென்ட்ராலேயிலிருந்து மொன்தெரோஸ்ஸோவுக்கு நேராகப் போகும் இன்டர்சிட்டி ரயில்கள் சில உண்டு, சுமார் மூன்று மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் விலை குறைவு. ரெஜியோனாலே என்கிற வட்டார ரயிலில் ஜெனோவாவில் மாறிப் போனால் நேரம் கூடும். அதற்கு எப்போது எடுத்தாலும் ஒரே விலைதான், இருக்கை எண்ணும் கிடையாது. குழுவில் யார் வருவார் யார் வரமாட்டார் என்பது கடைசி வரை தெரியாத நிலையில் இதுவே வசதி.

ஒரு எச்சரிக்கை. வட்டார ரயிலின் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். போனில் எடுத்த டிக்கெட் என்றால் செக்-இன் அழுத்த வேண்டும். மறந்தால் அபராதம். ஒருவரே ஒன்பது பேருக்கும் எடுத்திருந்தால் ஒன்பதுக்கும் செக்-இன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஊர்களுக்கு நடுவே ஓடும் ரயிலுக்கும் மலை நடைபாதைக்கும் சேர்த்து எடுக்கும் இந்தக் கார்டு கட்டாயமில்லை. லெவாந்தோவுக்கும் லா ஸ்பெட்சியாவுக்கும் நடுவே ஓடும் ரயிலில் சீசனில் ஒரு தடவைக்கே நாளைப் பொறுத்து 5 முதல் 10 யூரோ வரை ஆகும். கார்டின் விலையும் நாளுக்கு நாள் மாறும். நாலைந்து முறை ரயில் ஏறி, நடைபாதையிலும் நடப்பவர்களுக்குத்தான் அது லாபம். இரண்டு ஊர் போதும் என்றால் தனி டிக்கெட்டுகளையும் நடைபாதைக்கு மட்டுமான கார்டையும் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: வேலைநிறுத்தம் வந்தால்? (பவியா)

ஷோபெரோ என்று இங்கே சொல்வார்கள், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறைந்தபட்ச வட்டார ரயில்கள் கட்டாயம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை இந்த உத்தரவாதம் கிடையாது. அதனால் அறை பதிவு செய்வதற்கு முன்பே அந்த வார வேலைநிறுத்தப் பட்டியலைப் பாருங்கள்.

கேள்வி: எங்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. கடலில் இறங்கலாமா? காசு கட்டாமல் உட்கார இடம் கிடைக்குமா? (தூரின், மூன்றாமாண்டு)

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும்.

மெரினா மாதிரி மணல் பரந்து, அலை உருண்டு வரும் கரையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். லிகூரியாவில் மலை அப்படியே கடலுக்குள் இறங்குகிறது. பெரும்பாலான இடங்களில் கூழாங்கல். கணுக்கால் அளவில் நின்றுகொண்டிருப்பீர்கள், நாலு எட்டு எடுத்து வைத்தால் மார்பளவு, அடுத்த எட்டில் கால் தட்டாது. தண்ணீர் கண்ணாடியாக இருப்பதால் அடி பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும், அதை நம்பக் கூடாது. காற்று இருக்கும் நாளில் அலை திரும்பும்போது காலடிக் கல்லைச் சரசரவென்று உருவிக்கொண்டு போகும். நீச்சல் தெரிந்தவர்களே அதில் தடுமாறுவார்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், அலைத்தடுப்புக் கற்களுக்கு உள்பக்கமாக, இடுப்பளவுக்கு மேல் போகாமல் நில்லுங்கள். சிவப்புக் கொடி ஏற்றியிருந்தால் யாரும் இறங்க வேண்டாம், நீச்சல் வீரர்களும் சேர்த்துத்தான். மனரோலாவில் கடற்கரையே கிடையாது. பாறையிலிருந்து ஆழமான தண்ணீரில் குதிக்கும் இடம் அது, வீடியோவில் பார்த்து மயங்கி நீச்சல் தெரியாதவரை அங்கே கூட்டிப் போகாதீர்கள். ஒரு ஜோடி ரப்பர் கடல் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள், கல்லும் குத்தாது, கடல் முள்ளெலியும் குத்தாது.

இடம் பற்றி: குடையும் நாற்காலியும் வரிசையாகப் போட்டிருப்பது காசு கட்டும் பகுதி. ஸ்பியாஜா லிபேரா என்று பலகை இருந்தால் பொதுக் கடற்கரை, துண்டை விரித்து உட்காரலாம். மொன்தெரோஸ்ஸோவிலும் லெவாந்தோவிலும் இரண்டும் உண்டு. காசு கட்டும் பகுதி வழியாகத் தண்ணீருக்கு நடந்து போவதையும் குளிப்பதையும் யாரும் தடுக்க முடியாது, சட்டம் அப்படி. ஆனால் அவர்கள் குடைகளுக்கு முன்னால் துண்டு விரித்துப் படுக்க அனுமதி இல்லை. பொதுக் கரையில் காலை ஒன்பதரைக்கு மேல் ஒன்பது பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: நான் சுத்த சைவம். பட்டினிதானா? (மிலான்)

லிகூரியாவில் சைவக்காரர் பட்டினி கிடக்கவே வேண்டாம். எனக்கு இத்தாலியிலேயே பிடித்த சாப்பாடு இந்தக் கரையில்தான் இருக்கிறது. பரினாத்தா கேளுங்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய வட்டச் செம்புத் தட்டில் மாவை மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்பில் வைப்பார்கள். மேலே பொன்னிறமாகக் கொப்புளம் விட்டிருக்கும், ஓரம் மொறுமொறுவென்று இருக்கும், நடுவில் மெத்தென்று இருக்கும். சூடாக வெட்டித் தாளில் வைத்து மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார்கள். ஆறிப்போனதை வாங்காதீர்கள், அடுத்த தட்டு வரும் வரை நின்று வாங்குங்கள்.

பொக்காச்சா ரொட்டி எல்லா அடுமனையிலும் கிடைக்கும். வெங்காயம் போட்டது, ஆலிவ் போட்டது என்று எடை போட்டுக் கொடுப்பார்கள், ஒரு வேளைக்கு அது போதும். பாஸ்தாவில் கலக்கும் பச்சைச் சட்னியான பெஸ்தோ பிறந்த ஊரும் இதுதான். துளசி இனத்தைச் சேர்ந்த பசிலிக்கோ இலை, பைன் பருப்பு, பூண்டு, எண்ணெய், கூடவே பாலாடைக்கட்டி. அந்த பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்கிறது. அது ஆகாது என்றால் பெஸ்தோவைத் தவிர்த்துவிட்டு பரினாத்தாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மொன்தெரோஸ்ஸோவின் நெத்திலி வகை மீன் பேர் போனது. எலுமிச்சையில் ஊறவைத்தும் பொரித்தும் தருவார்கள்.

கேள்வி: ஒரு ஊரிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் பாதை கடினமா? காதல் பாதை திறந்துவிட்டதா? (ஜெனோவா)

மொன்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சா மூன்றரை கிலோமீட்டர் போலத்தான். ஆனால் படி, படி, படி. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். திராட்சைத் தோட்டத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவே, சாந்தே இல்லாமல் அடுக்கிய கற்சுவர்களை ஒட்டிப் போகும். அந்தச் சுவர்கள்தான் மலைச்சரிவைத் தாங்கி நிற்கின்றன, தயவுசெய்து மேலே ஏறிப் படம் எடுக்காதீர்கள். 1997இல் யுனெஸ்கோ இந்தக் கரையைப் பட்டியலில் சேர்த்ததற்கு அந்த உழைப்பே பெரிய காரணம். கூட்டம் மிகுந்த சில நாட்களில் மொன்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாட்சா திசையில் மட்டுமே நடக்கவிடுகிறார்கள், அந்தத் திசையிலேயே திட்டமிடுங்கள். ஹவாய் செருப்பு மாதிரியான திறந்த செருப்போடு நடந்தால் அபராதம், 50 யூரோவில் தொடங்கும்.

ரியோமஜோரேவுக்கும் மனரோலாவுக்கும் நடுவே உள்ள காதல் பாதை 2012 பாறைச் சரிவில் மூடப்பட்டது, 2024இல் திறந்தார்கள். நேரம் குறித்த டிக்கெட் எடுக்க வேண்டும், குறுகிய சமதளப் பாதை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றது.

கோர்னில்யா போகிறவர்களுக்கு: ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு ஏறக்குறைய 380 படி. சிறு பேருந்தும் உண்டு.

கேள்வி: என் மகள் தூரினில் படிக்கிறாள். தோழிகளோடு போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா அம்மா? (திருச்சி)

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. இந்த ஊர்களில் இரவிலும் குடும்பங்கள் நடமாடிக்கொண்டிருக்கும். நெரிசலான ரயிலில் பிக்பாக்கெட் பயம்தான் அதிகம், பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆபத்துக்கு 112, கடலில் ஏதாவது என்றால் கடலோரக் காவல்படை 1530. இரண்டையும் போனில் சேமிக்கச் சொல்லுங்கள். உங்கள் மகளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீச்சல் தெரியாமல் ஆழத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்கிறாளா? சுரங்கங்களுக்குள் போன் எடுக்காது. ஒரு மணி நேரம் பதில் வராவிட்டால் பதறாதீர்கள்.

கேள்வி: தங்கும் அனுமதி அட்டை இன்னும் வரவில்லை, அஞ்சலக ரசீதுதான் இருக்கிறது. விடுதியில் அறை தருவார்களா? (மிலான்)

தருவார்கள். பாஸ்போர்ட்டின் அசலும் ரசீதும் எடுத்துப் போங்கள். தங்குகிற ஒவ்வொருவரின் விவரத்தையும் விடுதிக்காரர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம், அதனால் போனில் உள்ள படத்தைக் காட்டினால் பல இடங்களில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: பொலோஞ்ஞாவிலும் ரோமிலும் இருக்கும் எங்களுக்கு? (இரண்டு பேர் கேட்டது)

பொலோஞ்ஞாக்காரர்கள் ரிமினி போங்கள். மணல் கரை, வெகுதூரம் வரை ஆழமே இல்லாத கடல், நீச்சல் தெரியாத குழுவுக்கு லிகூரியாவைவிட அதுவே நல்லது. ரோமில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் பிரமிதே மெட்ரோ நிலையத்தின் பக்கத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஓஸ்தியா கடற்கரை, நகர டிக்கெட்டே செல்லும். தண்ணீர் தெளிவாக வேண்டும் என்றால் பொந்தி-ஸ்பெர்லோங்கா நிலையம் வரை ரயிலில் போய், அங்கிருந்து பேருந்தில் ஸ்பெர்லோங்கா.

கேள்வி: அக்டோபரில் போனால் கூட்டம் இருக்காதே? (மிலான்)

கூட்டம் குறையும், தண்ணீரிலும் கோடைச் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆனால் இந்தக் கரையின் பெருமழைக் காலமும் அதுதான். 2011 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் வெர்னாட்சாவும் மொன்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன, உயிர்களும் போயின. அந்த ஊர்க்காரர்கள் அதை மறக்கவில்லை. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்தால் நடைபாதையை மூடுவார்கள், தடையைத் தாண்டிப் போகாதீர்கள். என் தேர்வு செப்டம்பர் இரண்டாம் பாதி. ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம், இத்தாலியே கடற்கரையில் இருக்கும்.

கேள்வி: போன தடவை பணத்தாலும் காத்திருந்ததாலும் சண்டை வந்துவிட்டது. பெரிய குழுவை எப்படி நடத்துவது? (மிலான், பன்னிரண்டு பேர் குழு)

பன்னிரண்டு பேருக்கு ஒரே மேசை தேடாதீர்கள். சின்ன ஊர், சின்ன உணவகம். நாலு நாலு பேராகப் பிரிந்து, எல்லாருமாகச் சேரும் நேரம், இடம் இரண்டை மட்டும் முடிவு செய்யுங்கள். மதியம் அடுமனைச் சாப்பாடு, இரவு ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டால் செலவும் அடங்கும். உட்கார்ந்தால் தலைக்குக் கொபெர்த்தோ கட்டணம் பில்லில் வரும், விடுதியில் ஊர் வரி தனியாகக் கேட்பார்கள். இந்த இரண்டையும் முதலிலேயே எல்லாருக்கும் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது. காசில்லாத நண்பர் ஒருவர் கட்டாயம் இருப்பார், கூச்சத்தில் சொல்லமாட்டார். செலவு குறைந்த திட்டத்தை எல்லாருக்கும் பொதுவாகப் போடுங்கள். கூடுதலாகப் படகு சவாரி வேண்டும் என்பவர்கள் தனியாகப் போய்வரட்டும்.

ஞாயிறு மாலை திரும்பும்போது கடைசி ரயிலை நம்பாதீர்கள். ஆறு மணிக்கு மேல் கடற்கரை மொத்தமும் ஸ்டேஷனுக்கு வரும். அதற்கு முந்தைய ரயிலைப் பிடித்தால் ஜெனோவாவில் மாறும்போது எல்லாருக்கும் பொக்காச்சா வாங்க நேரம் இருக்கும்.