சில்லறையில் பிழை நாணயம் தேடுவது முதலீடாகுமா?

கேள்வி: சில மாதங்களாக, கைக்கு வரும் சில்லறையில் அச்சுப் பிழை உள்ள நாணயங்களைத் தேடி வருகிறேன். எழுத்துகள் இரட்டையாகத் தெரியும் இரண்டு காசுகள் கிடைத்துள்ளன. இத்தகைய காசுகளுக்கு இணையத்தில் பெருந்தொகை கேட்கிறார்கள். ‘யாரும் பிரித்துப் பார்க்காதவை’ என்று விளம்பரம் செய்யப்படும் நாணய மூட்டைகளை என் மாதச் சேமிப்பில் ஒரு பகுதியைக் கொண்டு வாங்கித் தேடலாமா? இதை முதலீடாகக் கருதலாமா?

பதில்: தாராளமாகத் தேடுங்கள், ஆனால் அதற்காகச் சேமிப்பில் கை வைக்க வேண்டாம். இயல்பாகக் கைக்கு வரும் சில்லறையை நீங்கள் முகமதிப்புக்கே பெறுகிறீர்கள். அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அதே மதிப்புக்குச் செலவழித்துவிடலாம் என்பதால், இழப்பது நேரம் மட்டுமே. மூட்டையின் கணக்கு வேறு. முகமதிப்புக்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தொகையும் நிச்சயமான செலவு. அதற்கு ஈடாகக் கிடைப்பதோ வெறும் வாய்ப்பு. நாணயம் விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் தம் சரக்கைப் பார்க்காமலேயே விற்கிறார் என்று நம்புவதற்கும் எனக்கு மனம் வரவில்லை.

சில்லறையில் புதையல் கிடைத்த கதைகள் பொய்யல்ல. இரண்டாம் உலகப் போரில் செம்பு தேவைப்பட்டதால், அமெரிக்கா 1943இல் ஒரு சென்ட் நாணயங்களைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் (இன்னும் வடிவம் பதிக்கப்படாத வட்டத் தகடுகள்) சில எப்படியோ தங்கிப்போய், அவையும் 1943 என்ற ஆண்டுடன் அச்சாகி வெளியேறின. 1947இல் பள்ளி உணவகத்தில் பெற்ற சில்லறையில் அப்படியொரு காசைக் கண்டெடுத்த மாணவர் அதை வாழ்நாள் முழுவதும் விற்காமல் வைத்திருந்தார். 2019இல் அது ஏலத்தில் 2,04,000 டாலருக்குப் போனது. இந்தக் கதை பரவிய அளவுக்குப் போலிகளும் பரவின. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசியவற்றைக் காந்தம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். 1948 என்பதிலுள்ள எட்டைச் செதுக்கி மூன்றாக்கியவற்றுக்குத் தேர்ந்த கண் தேவைப்படும்.

ஆனால் உங்கள் கணக்குக்கு உதவக்கூடிய எடுத்துக்காட்டு பிரிட்டனின் 20 பென்ஸ் நாணயமே. 2008இல் வடிவமைப்பை மாற்றியபோது, ஆண்டு மறுபக்கத்திலிருந்து, தலை உருவம் உள்ள தலைப்பக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய தலைப்பக்க அச்சும் புதிய மறுபக்க அச்சும் தவறுதலாக இணைக்கப்பட்டதால், எந்தப் பக்கத்திலும் ஆண்டே இல்லாத நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தன. செய்தி வெளியானதும் ஆயிரக்கணக்கான பவுண்டு கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அத்தகைய நாணயங்கள் 50,000 முதல் 2,50,000 வரை இருக்கலாம் என்று அந்நாட்டு நாணயச்சாலை மதிப்பிட்டது. இன்று பெரும்பாலும் நூறு பவுண்டுக்கும் குறைவாகவே அவை கைமாறுகின்றன. உண்மையான பிழை, நாடறிந்த பிழை, ஆயினும் எண்ணிக்கை கூடினால் விலை அவ்வளவுதான்.

இனி, உங்களிடமுள்ள இரண்டு காசுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தேடுவோரைப் பெரிதும் ஏமாற்றுவது இந்த இரட்டைத் தோற்றம்தான். மதிப்புள்ள இரட்டை அச்சு, நாணயம் அடிக்கப்படும் போது ஏற்படுவதில்லை. நாணயத்தை அடிக்கும் அச்சையே உருவாக்கும்போது, வடிவம் அதில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சற்றே விலகிப் பதிவதால் ஏற்படுகிறது. ஆகவே அந்த அச்சில் அடிக்கப்பட்ட எல்லாக் காசுகளிலும் அது ஒரே மாதிரி இருக்கும். இரண்டு பதிவுகளும் திரட்சியாக இருக்கும், எழுத்தின் முனைகள் பிளவுபட்டுத் தெரியும். 1955ஆம் ஆண்டின் புகழ்பெற்ற அமெரிக்க சென்ட் இந்த வகையைச் சேர்ந்தது. ஆண்டும் வாசகங்களும் இரட்டித்திருப்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம். மாறாக, அடிக்கும் நேரத்தில் அச்சு சற்று ஆடிவிட்டால், எழுத்தின் ஓரம் நசுங்கி, தட்டையான படிபோன்ற ஒரு நிழல் உருவாகும். இது மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. சேகரிப்பாளர்கள் இதற்குக் கூடுதல் விலை தருவதில்லை. தேய்ந்த அச்சினால் வரும் மங்கலான இரட்டிப்பும் அப்படியே. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்று இருந்தால், எந்த வகை என்பதை நீங்களே பெருமளவுக்குத் தீர்மானிக்கலாம்.

மையம் விலகி அடிக்கப்பட்டவை, வேறு நாணயத்துக்கான வில்லையில் அச்சானவை ஆகியவற்றை அடையாளம் காண்பது ஒப்பீட்டளவில் எளிது. பின்னதற்கு நுண்ணிய தராசே போதும். விளிம்பு வெட்டுப்பட்ட காசு கிடைத்தால், வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பையும் பாருங்கள். நாணயச்சாலையிலேயே நேர்ந்த வெட்டாக இருந்தால் அங்கும் விளிம்பு வலுக்குறைந்திருப்பது வழக்கம். புழக்கத்தில் நசுங்கியதும், அமிலத்தில் கரைந்ததும், வேண்டுமென்றே அரம் போட்டதும் பிழை நாணயமல்ல, சேதமடைந்த நாணயம்.

விலையைப் பற்றி ஒரு நிதி ஆலோசகனாக எனக்குள்ள முதல் கவலை, நீங்கள் பார்த்தது கேட்கும் விலையா, விற்ற விலையா என்பதுதான். ஏலத் தளங்களில் விற்பனை முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்கும் வசதி உண்டு, அதைப் பாருங்கள். அதிலும் முழுத்தொகை உங்கள் கைக்கு வராது. வணிகர் தம் லாபத்துக்கு இடம்விட்டே வாங்குவார், ஏல நிறுவனம் தரகு பிடிக்கும், தரச்சான்று நிறுவனம் ஒவ்வொரு காசுக்கும் கட்டணம் வாங்கும். நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விலை இச்செலவுகளைப் போலப் பல மடங்கு இருந்தாலொழிய, சான்றுக்கு அனுப்புவது பணத்தை வீணாக்குவதே. வட்டியோ ஈவுத்தொகையோ தராத, நினைத்த நாளில் விற்க முடியாத பொருளை நான் முதலீட்டுப் பட்டியலில் சேர்ப்பதில்லை. உங்கள் காசுக்குப் பெருந்தொகை தருவதாகச் சொல்லி, பதிவுக் கட்டணமோ வரியோ முன்கூட்டியே கட்டச் சொல்பவர் மோசடிக்காரர் என்றே கொள்ளுங்கள்.

அந்த இரண்டு காசுகளையும் தேய்த்துக் கழுவாதீர்கள். சுத்தம் செய்த நாணயத்தின் மதிப்பு குறைந்துவிடும். இரு பக்கங்களையும் தெளிவாகப் படமெடுத்து, உங்களிடம் வாங்கும் நோக்கமில்லாத அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். ஆடிய அச்சினால் வந்தது என்று அவர் சொல்லிவிட்டால், அடுத்த முறை கடையில் சில்லறை கேட்கும்போது அவற்றைக் கொடுத்துவிடலாம்.